பிடிப்புதான்

என் அக்காவுக்கு நல்ல இதயம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். வேறு யாரும் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள். போடியில் ஓர் இதய டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருஷமாக ஈசிஜி எடுக்கிறேன். ஓட்ட மெஷினில் ஆளை ஏற்றி நடக்கவைத்து இறக்கிவிடுகிறேன். பிளஸ் டூவுக்குப் பிறகு தேனியில் ஒரு வருஷம் படித்ததுதான் என் படிப்பு. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறேன் அல்லவா, பிறந்த ஊரான சிலமலையில் எங்கள் தெருவுக்கு நான்தான் டாக்டரம்மா. காய்ச்சல் மாத்திரையிலிருந்து கர்ப்பப்பை ஆபரேஷன் வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். நானும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா அமுதவள்ளி என்னைவிட எட்டு வயது மூத்தவள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். மச்சான் சின்ராசு போடியில் ஏலக்காய்க் கடையொன்றில் மூட்டை தூக்குகிறார். ஒரே மகள் பவதாரணி, கல்லூரியில் முதல் வருஷம். அக்கா பதினாறு வயதிலிருந்தே மலைவேலைக்குப் போகிறவள். விடியுமுன் ஜீப்பு வரும். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, கேரள எல்லையைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடும். அந்தச் சரிவில் செடிக்குச் செடி குனிந்து காய் பறித்துச் சாக்கோடு மேடேறுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று கூட வேலை பார்க்கிற மூக்கம்மாளே சொல்லுவாள். மூக்கம்மாள் லேசில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை.

போன கார்த்திகையில் அந்த வலி ஆரம்பித்தது. விடிகாலை ஐந்து, ஐந்தரை இருக்கும். முக்காடு போட்டுக்கொண்டு தூக்குச்சட்டியோடு ஜீப்புக்காக உட்கார்ந்திருப்பாள். ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி நடுநெஞ்சில் வருமாம். தாடைக்கு ஏறும். இடது கை கனக்கும். அந்தக் குளிரிலும் ரவிக்கை நனைந்துபோகும். பத்து நிமிஷம் கழித்து வந்த சுவடே இருக்காது. அதன் பிறகு மலைக்குப் போய் நாள் முழுக்க மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குவாள், சுருக்கென்று ஒரு வலிகூட வராது.

"அவளுக்கு ஜீப்பு நோவுடி," என்றாள் மூக்கம்மாள், ஜீப்பில் பக்கத்திலிருந்தவளிடம். "ஹாரன் சத்தம் கேட்டாத்தான் நெஞ்சு அடைக்குது. ஞாயித்துக்கெழம அடைக்குதான்னு கேளு."

ஜீப்பே சிரித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் அடைத்தது. சொன்னால் உலை வைக்கச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்பார்கள் என்று அக்கா வாயைத் திறக்கவில்லை. இதை ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை கிளினிக்குக்கே வந்துவிட்டாள். "நடந்தா வலிக்கல கற்பகம். குந்தியிருந்தா வலிக்குது. இது என்ன நோவுடி?"

"ஊருக்கெல்லாம் ஓடுனா வலிக்கும். ஒனக்கு ஒக்காந்தா வலிக்குது. நீ தலகீழாப் பொறந்தவ."

கேலி பேசினேனே தவிர உள்ளுக்குள் பயம் இருந்தது. எங்கள் அப்பா ஒச்சப்பன் ஐம்பது வயதில் மாரடைப்பில் போனவர். மிளகாய்த் தோட்டத்தில் மண்வெட்டியோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடைப்பு என்ற சொல்லை வாய்க்கால் அடைப்புக்குக்கூடச் சொல்ல மாட்டோம். அதனால் அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு அக்காவை ஓட்ட மெஷினில் ஏற்றினேன்.

மெஷினில் ஓடும்போது துடிப்பு ஏறுவது பெரிய சங்கதி இல்லை. அது எல்லாருக்கும் ஏறும். ஓட்டத்தை நிறுத்திய பிறகு முதல் ஒரு நிமிஷத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டுகூட இறங்காமல் மேலேயே நின்றால் டாக்டர் முகம் மாறும். இருபது, இருபத்தைந்து இறங்கினால் ஆளை வீட்டுக்கு அனுப்பலாம். பதினோரு வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்துப் பார்த்து, அதற்கு நானே சொந்தக்காரி என்கிற நினைப்பு எனக்கு வந்திருந்தது.

அக்கா என் சுடிதார் பேன்ட்டை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினாள். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை மெஷின் வேகம் கூட்டி மேட்டையும் தூக்கும். நாலாவது கட்டத்தில் பெரும்பாலான ஆம்பிளைகளே கையைக் காட்டிவிடுவார்கள்.

"இதுவாடி மேடு? எங்க தோட்டத்துல வந்து ஏறிப் பாரு," என்றாள் மூச்சுக்கு நடுவே.

துடிப்பு நூற்றெழுபத்தொன்று வரை போனது. நிறுத்தி உட்காரவைத்தேன். ஒரு நிமிஷம் முடிந்தபோது நூற்றிருபத்தொன்பது. நாற்பத்திரண்டு இறங்கியிருந்தது. ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற பையன்களுக்குத்தான் அப்படி இறங்கி நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

டாக்டர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். "ஓட்டத்துல ஒரு கோளாறும் இல்ல. ஆனா இந்தம்மாவுக்கு வலி ஓட்டத்துல வர்றதில்லையே. வலி இருக்கும்போதே ஒரு ஈசிஜி எடுத்தாத்தான் எதையும் சொல்ல முடியும். அடுத்த தடவ வந்தா அப்படியே கூட்டிட்டு வந்துரு."

இதில் முதல் வாக்கியத்தை மட்டும் சிலமலைக்குக் கொண்டுபோனேன். எங்கக்கா இதயம் இருபது வயசுப் பொண்ணு இதயம் என்று தெருவெல்லாம் சொன்னேன். மூக்கம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாளிலிருந்து ஜீப்பு நோவு என்ற பேச்சு இன்னும் கூடிப்போயிற்று. அக்கா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

தை பிறக்கிற காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். பொங்கப் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நெஞ்சைப் பிடித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிறல் நான் அதுவரை கண்டதில்லை. ஆட்டோ பிடித்து போடிக்குக் கொண்டுவந்தேன். அன்று வலி விட்டுவிட்டு வந்தது. என்னிடம் இருந்த சாவியால் கிளினிக்கைத் திறந்து, என் கையாலேயே ஈசிஜி எடுத்தேன். கோடுகள் மாரடைப்பில் ஏறுகிற மாதிரியே ஏறி நின்றன. டாக்டர் கைலியோடு ஓடிவந்து நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். ஏழு நிமிஷம் கழித்து இரண்டாவது காகிதம் எடுத்தேன். அதில் ஒன்றுமே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், நல்ல நாளும் அதுவுமாக எங்களைத் தேனிக்கு அனுப்பினார்.

தேனியில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் மச்சானும் பவதாரணியும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டது என்னை. அங்கே இருந்தது சின்ன வயது டாக்டர், பெண். பொறுமையாகத்தான் பேசினார்கள். எனக்கு விளங்கட்டும் என்று தன் கையையே மூடித் திறந்து காட்டினார்கள்.

"அடைப்பு இல்லம்மா. குழாய் சுத்தமா இருக்கு. ஆனா பிடிப்பு இருக்கு. குழாய் தானா இறுகிப் பிடிக்குது, அப்புறம் தானா விடுது. சும்மா இருக்கிறப்ப, விடிகாலைல, குளிர்ல வரும். பிடிச்ச நேரத்துல ரத்தம் போகாது. மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. சீட்டுல எழுதியிருக்கேன்."

எல்லாமே காதில் விழுந்தது. மனசில் தங்கியது முதல் வாக்கியம் மட்டும்தான். இரண்டு நாளாக அப்பாவின் முகமே கண்ணில் நின்றுகொண்டிருந்தது. அடைப்பு இல்லை என்று கேட்டதும் அந்த டாக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கும்பிட்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வெளியே வந்து மச்சானிடமும் பவதாரணியிடமும், பிறகு கட்டிலில் கிடந்த அக்காவிடமும் சொன்னேன்: "அடைப்பு இல்ல. பிடிப்புதான்."

டாக்டர் சொன்னது 'பிடிப்பு இருக்கு.' அதைப் 'பிடிப்புதான்' என்று ஆக்கியது நான். அந்தத் 'தான்' ஒரு பொல்லாத சொல். நீதான் என்றால் ஆளைத் தூக்கி வைக்கும். பிடிப்புதான் என்றால் நோயைக் கீழே இறக்கிவிடும். எங்கள் பக்கத்தில் பிடிப்பு யாருக்கு இல்லை? கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, விலாவில் வாயுப் பிடிப்பு. ஓமத்தண்ணி குடித்து, பூண்டெண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றினால் போகிறது. பிடிப்பில் செத்தவர்கள் என்று சிலமலையில் ஒருத்தரைக் காட்ட முடியாது. மச்சான் தலைக்கு மேல் கையெடுத்து மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அக்கா எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள்.

சீட்டோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபைலை நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. அது அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

மாத்திரை வேலை செய்தது. மாசியிலும் பங்குனியிலும் ஒரு நாள்கூட வலி வரவில்லை. அது மாத்திரையால் என்று யாரும் நினைக்கவில்லை. மூக்கம்மாள் கொடுத்த ஓமத்தண்ணிக்கு அந்தப் பெருமை போயிற்று. மேலே தோட்டத்துக் கங்காணி மலையாளி, அவரும் கேட்டுவிட்டு, "பிடிப்போ? அதுக்கா சேச்சி நாலு திவசம் லீவு?" என்று தேனியில் கிடந்த நாலு நாளைக் கேட்டாராம். அக்கா அதையும் வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள்.

வைகாசியில் போன் பண்ணினாள். "தல வெடிக்குதுடி. காலும் வீங்குது. கொலுசு ஏறல. சரிவுல நிக்கவே முடியல. ஆனி பொறந்தா காய் எடுப்பு ஆரம்பிச்சிருவாங்க. இந்தக் காலோட எங்கிட்டுப் போறது?"

எனக்கு அன்று கூட்டம். இரண்டு பேர் மெஷினுக்குக் காத்திருந்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். "அடைப்பு இல்லாதவளுக்கு எதுக்குக்கா இத்தன மாத்திர? பிடிப்புதான? நிறுத்திப் பாரு."

"நிறுத்தலாமா? ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒன் இதயத்த நான் பாத்திருக்கேன்க்கா. நாப்பத்திரண்டு எறங்குச்சு. எனக்கே அவ்வளவு எறங்காது."

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நான் ஒருத்தியோடு அந்தப் படிப்பை முடித்துவிட்டேன். என் டாக்டர் அடுத்த அறையில்தான் இருந்தார். ஐந்து அடி நடந்து கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். கேட்டால், உனக்கு இதுகூடத் தெரியாதா என்று ஆகிவிடுமோ என்று இருந்தது. வெள்ளைக் கோட்டு வேலைக்காரிக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

நிறுத்தியதும் கால் வற்றியது. தலைவலி போயிற்று. அக்கா சந்தோஷமாகப் பேசினாள். "நீ சொன்னதுதான்டி சரி," என்றாள். ஆனி கடைசியில் ஒரு தரம், லேசாகப் பிடிக்கிறது என்று சொன்னாள். பிடிப்பு என்றால் பிடிக்கத்தான் செய்யும், சுடுதண்ணீர் குடி என்றேன். அதற்குப் பிறகு அவள் வலியைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

ஆடி பிறந்து எட்டாம் நாள். மலையில் சாரல். அன்று காலை நடந்ததை மச்சானும் மூக்கம்மாளும் ஜீப்பு டிரைவர் திருப்பதியும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

ஐந்து மணிக்கே அக்காவுக்கு வலி. இன்றைக்குப் போகவில்லை என்றிருக்கிறாள். மச்சான் திட்டியிருக்கிறார். "காய் எடுப்பு நடக்கையில லீவு போட்டா கங்காணி வேற ஆளப் போட்டுருவான். பிடிப்புதான? மேல போயி ரெண்டு மேடு ஏறுனா தன்னால விட்டுரும். வெரசாக் கெளம்பு." அவர் சொன்னதில் தப்பு இல்லை, மேலே போனால் அவளுக்கு விட்டுவிடும், முன்பெல்லாம் அப்படித்தானே நடந்தது. அவரே தூக்குச்சட்டியை வாங்கி ஜீப்பில் வைத்து, கையைப் பிடித்து ஏற்றியும் விட்டிருக்கிறார்.

மலையடிவாரம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அக்கா மூக்கம்மாள் தோளில் சாய்ந்தாளாம்.

"நெஞ்சப் பிடிக்குது மூக்கம்மா."

"பிடிப்புதான, சாஞ்சுக்க. மேல போயி டீ குடிப்போம்."

போடிமெட்டில் ஜீப்பு நின்றது. எல்லாரும் டீக்கு இறங்கினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் சாய்ந்திருந்தாள். தூங்கட்டும், பாவம், அசதி என்று யாரோ சொன்னார்கள். அவள் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்று மூக்கம்மாள் இறங்கவே இல்லை. தோளை அசைக்காமல், டீயும் குடிக்காமல், குளிரில் உட்கார்ந்திருந்தாள். ஜீப்பு நோவு என்று பெயர் வைத்தவள் அவள்தான். தோட்ட வாசலில் இறங்கும்போது எழுப்பினாள். தலை மடியில் சரிந்தது.

திருப்பதி ஜீப்பைத் திருப்பிக் கீழே விட்டான். வழியில் வேறு ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஜீப்பிலிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே பேச்சாக, கற்பகத்திடம் கொண்டுபோ என்று சொன்னார்களாம். ஒன்பது மணிக்கு ஜீப்பு எங்கள் கிளினிக் வாசலில் வந்து நின்றது. பதினேழு பொம்பளைகள் இறங்கி வழிவிட்டு நின்றார்கள். நான் ஏதோ செய்துவிடுவேன் என்று ஒவ்வொருத்தி முகத்திலும் இருந்தது.

கை சில்லிட்டிருந்தது. விரல் வளையவில்லை. ஆனாலும் நான் ஒயர்களை மாட்டினேன். டாக்டர் என் தோளைத் தொட்டு, வேண்டாம் கற்பகம் என்றார். நான் கேட்கவில்லை. காகிதம் நேர்கோடாக வந்துகொண்டே இருந்தது. ஒரு முழு சுருளும் தீரும் வரை நான் மெஷினை நிறுத்தவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

பழி மச்சான் மேல் விழுந்தது. நோவுக்காரியைக் கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றி விட்டான் என்று தெருவே பேசியது. எங்கள் பெரியப்பா மகன் விஜயபாண்டி மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து, எல்லாரும் கேட்கச் சொன்னான். "எந்தங்கச்சி போகமாட்டேன்னு கெஞ்சிருக்கா. இவன்தான் தள்ளி ஏத்திருக்கான். இவன் கொன்னான்யா அவள." மச்சான் தலை குனிந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. வாயைத் திறந்தால் ஒரு நொடியில் அந்தப் பழியை அவர் தலையிலிருந்து எடுத்திருக்கலாம். எடுத்தால் அது எங்கே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். அக்காவை எப்படியாவது காப்பாற்றப் பார்த்தாள், மெஷினில் எல்லாம் ஏற்றிப் பார்த்தாள் என்று பேசிக்கொண்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இதைவிட ஈனமாக நான் ஒரு காலமும் இருந்ததில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. பந்தல்காரர்கள் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். உறவுக்காரர்கள் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார்கள். பவதாரணி உள்ளே பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பதினாறு நாளும் அவள் என்னிடம் பேசியது பத்து வார்த்தை இருக்காது. தாயைப் பறிகொடுத்த பிள்ளை, பேச்சு எங்கே வரும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மச்சான் வாசல் வேப்பமரத்தடியில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்."

அவர் பார்த்தார்.

"தேனி டாக்டரம்மா பிடிப்புதான்னு சொல்லல. பிடிப்பு இருக்குன்னாங்க. பிடிச்சா ரத்தம் போகாதுன்னாங்க. மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுன்னாங்க. நான்தான் எளப்பமா எடுத்துக்கிட்டு வந்து ஒங்ககிட்ட அப்படிச் சொன்னேன். நிறுத்தச் சொன்னதும் நான்தான். நீங்க வண்டியில ஏத்துனதுனால அவ சாகல."

சொல்லிவிட்டு, அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தெரியும் ஆத்தா," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுல கடைசில தமிழ்ல எழுதியிருந்துச்சு. மாத்திரைய நிறுத்துனா உயிருக்கு ஆபத்துன்னு, செவப்பு மையில. ஒங்கக்கா மாத்திரைய நிறுத்துன அன்னைக்கே பாப்பா எடுத்து வாசிச்சுக் காட்டுனா. ஒங்கக்காதான் அவளத் திட்டுனா. ஒங்க சித்தி பதினோரு வருசமா இதே சோலிதான் பாக்குறா, அவளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சுருச்சோன்னா. பாப்பா ரெண்டு நாளு சாப்புடாமக் கெடந்து அழுதுச்சு. அப்பவும் ஒங்கக்கா கேக்கல. நானும் கேக்கல. நானும் ஒன் பேச்சத்தான் நம்புனேன்."

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் பஸ்சு போயிற்று. பிறகு கேட்டேன். "அப்ப எல்லாரும் ஒங்களப் பேசுனப்ப ஏன் மச்சான் சொல்லல? விஜயபாண்டி அந்தப் பேச்சுப் பேசுனானே."

"சொல்லி? போனவ வரப்போறாளா? தாயி இல்லாத பிள்ள. அதுக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா. ஒரு சித்தியாவது மிஞ்சட்டும்னுதான் வாய மூடிக்கிட்டேன். நீயும் இத யாருகிட்டயும் சொல்லாத. எம்மேலயே கெடக்கட்டும்."

அவர் காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, எந்திரி ஆத்தா, எந்திரி என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

அப்போது நிலைப்படியில் பவதாரணி வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. கை ஈரமாக இருந்தது. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். பெரியவர்களை மரியாதையாகப் பேசு என்று அக்கா எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறாள். சித்தி என்ன விருந்தாளியா என்று திருப்பிக் கேட்பாள்.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல நீங்க," என்றாள். "வாங்க. சாப்புட்டுட்டுப் போங்க."